சுவிஸ் கிராமத்தில் வீட்டு வாசலிலிருந்து நடப்பது எப்படி: எம்மென்டாலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முழு வழிகாட்டி

சுவிட்சர்லாந்துக்கு வரும் நம் ஆட்களுக்கு வேலை பெர்னிலோ புர்க்டோர்ஃபிலோ கிடைக்கிறது. நகரத்து வாடகையைப் பார்த்து மலைத்துப்போய், ரயிலில் அரை மணி தள்ளி எம்மென்டால் என்ற குன்றுப் பகுதியில் ஒரு கிராமத்தில் வீடு எடுக்கிறார்கள். முதல் மாதம் சனிக்கிழமைதோறும் இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ் என்று ஓட்டம். பர்ஸ் இளைத்ததும் வீட்டுக்குள் அடைந்துகொண்டு, "இங்கே ஒண்ணுமே இல்லைங்க, ஊரே தூங்குது" என்று என்னிடம் வருகிறார்கள். ஆறு வருஷத்தில் இப்படி வந்த ஏழெட்டுக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். முதலில் விழுந்தவள் நான்.

டீக்கடையோ கோயில் வாசலோ இல்லாத ஊரில் ஆளை ஆள் பார்ப்பது நடைபாதையில்தான். அதனால் வரிசை மாறக்கூடாது. முதலில் காகித வேலை, பிறகு வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம், அப்புறம் மேடு. பனிமலை எங்கும் ஓடிப்போகாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1. நடக்கும் முன் முடிக்க வேண்டிய காகித வேலை

வந்து 14 நாளுக்குள் ஊர் அலுவலகத்தில், அதாவது கெமைன்டேயில், பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ் எல்லாம் எடுத்துப் போங்கள். வேலையில் சேரும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். வெளியே வரும்போது குப்பை நாள்காட்டியையும் ஊர் வரைபடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது தபால் பெட்டி. அதில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைப் போடாமல் திருப்பிவிடுவார். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். கணவனுக்கு அவர் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், மனைவிக்கு அவர் அப்பா பெயர். ஒரு பெயரை மட்டும் ஒட்டிவிட்டு வங்கி அட்டை வரவில்லை, காப்பீட்டுக் கடிதம் வரவில்லை என்று தவித்த மூன்று வீடுகள் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருவர் பெயரையும் ஒட்டுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு 3 மாத அவகாசம் உண்டு. ஆனால் எப்போது சேர்ந்தாலும் வந்த நாளிலிருந்தே கணக்கு வைத்துப் பணம் வாங்குவார்கள், ஆகவே தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. இதில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகவே காப்பீடு உண்டு. வேலைக்குப் போகாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டில் "விபத்தும் சேர்த்து" என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். கணவனுடைய படிவத்தைப் பார்த்து அப்படியே மனைவிக்கும் நிரப்புவது வழக்கமான தப்பு. கணுக்கால் முறிந்த பிறகு அந்தக் கட்டத்தைத் தேடிப் பயனில்லை.

உண்ணி ஊசி பற்றியும் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணி மூளைக்காய்ச்சல் கிருமியைப் பரப்பும். அதற்குத் தடுப்பூசி உண்டு, மொத்தம் மூன்று தவணை. முதல் இரண்டும் சில வார இடைவெளியில், மூன்றாவது பல மாதம் கழித்து. குளிர்காலத்தில் தொடங்கினால் உண்ணி கிளம்பும் மார்ச்சுக்குள் இரண்டு ஊசி போட்டிருக்கும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைமுக்கு ஊசி கிடையாது. அதற்கு வழி, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் என்று பார்த்துவிடுவதுதான். உண்ணி கடித்த இடத்தில் சில நாள் கழித்துச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.

போனில் நான்கு எண்கள் வேண்டும்: ஆம்புலன்ஸ் 144, போலீஸ் 117, தீயணைப்பு 118, ஹெலிகாப்டர் மீட்பான ரேகா 1414.

2. காலுக்கும் பைக்கும்

இதில் அதிகம் செலவழிக்க வேண்டாம். அடியில் நல்ல பல் உள்ள ஷூ ஒன்று, மழை ஜாக்கெட் ஒன்று போதும். எம்மென்டால் மண் களிமண் கலந்தது. மழை பெய்த மறுநாள் சரிவில் ஓட்டப்பந்தய ஷூவோடு இறங்கினால் வாழைப்பழத்தோலில் நடப்பது மாதிரி இருக்கும்.

தண்ணீர் பாட்டில் சின்னதாக இருந்தாலே போதும். பண்ணை வாசல்களில் மரத்தொட்டியிலோ கல்தொட்டியிலோ குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். "கைன் ட்ரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்ற பலகை இல்லையென்றால் குடிக்கலாம், குளிர்ந்த நல்ல தண்ணீர்.

3. வரைபடத்தில் முதல் வட்டத்தைப் போடுங்கள்

சுவிஸ்டோப்போ என்ற அரசாங்கச் செயலி இலவசம். கூகுள் வரைபடத்தை நம்பி நடப்பவர்கள் பண்ணை வீட்டுச் சாணக்குழியில் போய் நிற்பார்கள். கூகுளுக்குக் கார் தெரியும், ஒற்றையடிப் பாதை சரியாகத் தெரியாது. சுவிஸ்டோப்போவில் நடைபாதை அடுக்கைத் திறந்தால் மஞ்சள் கோடுகளாகப் பாதைகள் தெரியும். மூடப்பட்ட பாதைகளைக் காட்டும் அடுக்கையும் திறந்து வையுங்கள்.

இப்போது உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே வரும் 4 கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் தேடுங்கள். ஒரே பாதையில் போய்த் திரும்புவதைவிட வட்டம் ஏன் நல்லதென்றால், ஊரின் எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவையிலேயே பார்த்துவிடலாம். எந்த வீட்டில் நாய், எங்கே பள்ளிக்கூடம், எங்கே பஸ் நிறுத்தம் என்று பிடிபடும். அதே வட்டத்தை முதல் மாதத்தில் பத்து தடவையாவது நடங்கள். அலுப்பாக இருக்கும்தான். ஆனால் பத்தாவது தடவை யாராவது உங்களை நிறுத்திப் பேசுவார்கள்.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தப் பகுதி வரைபடத்தில் 1:25,000 அளவில் இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவே 10 மீட்டர் ஏற்றம். பத்துக் கோடு தாண்டினால் 100 மீட்டர். இங்கே பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக நினைத்துத் தூரத்தோடு கூட்ட வேண்டும். 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் கால்களுக்கு அது 7 கிலோமீட்டர். "நாலு கிலோமீட்டர்தானே" என்று மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பியவர்கள் மூன்று மணிக்குத்தான் சோற்றைப் பார்த்தார்கள்.

அதைவிடப் பயனுள்ளது ஊர்ப்பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வது. மேட்டுப்பாளையம், பள்ளப்பட்டி என்று நம்மூரில் பெயரே நிலத்தைச் சொல்லிவிடும் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். "எக்" என்று முடிந்தால் மலைமுகடு. "கிராபென்" என்றால் இரண்டு முகட்டுக்கு நடுவே ஓடை அறுத்த குறுகிய பள்ளத்தாக்கு. "மாட்" புல்வெளி, "மோஸ்" சதுப்பு, "ஹூபெல்" சின்னக் குன்று, "ஃப்ளூ" பாறைச் செங்குத்து. "ரூட்டி", "ஷ்வான்ட்" என்றால் ஒரு காலத்தில் காட்டை அழித்து உண்டாக்கிய இடம்.

எம்மென்டாலில் இதெல்லாம் உங்கள் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு எக்கிலிருந்து எதிரே தெரியும் இன்னொரு எக்குக்குப் போகலாம் என்று கிளம்புவீர்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நடுவே ஒரு கிராபென் இருக்கும். முழுதாக இறங்கி முழுதாக ஏற வேண்டும். முகட்டிலேயே போகும் பாதை சுற்றாகத் தெரிந்தாலும் புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் சுலபம். பெயரில் மோஸ் இருந்தால் மழைக்காலத்தில் ஷூ நனையும். பிள்ளைகளோடு போகும்போது ஃப்ளூ என்ற பெயர் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. மஞ்சள் பலகையைப் படிப்பது

சுவிட்சர்லாந்து முழுக்க 65,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே பலகை முறை. வெறும் மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. நுனியில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை பட்டை இருந்தால் மலைப்பாதை: செங்குத்து, வேர், குறுகல் எல்லாம் வரும், உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்களுக்கு ஆகாது. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் கயிற்றையும் பாறையையும் கையால் பற்றி ஏற வேண்டிய ஆல்ப்ஸ் பாதை. அதற்கு இந்த வழிகாட்டி உதவாது. சிவப்புப் பலகைகள் சைக்கிள்காரர்களுக்கு. அதைப் பின்பற்றினால் தார்ச்சாலையில் வெயிலில் நடப்பீர்கள்.

பலகையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அது சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தை வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஓய்வு, போட்டோ, பிள்ளைக்கு மூத்திரம் எதுவும் அதில் சேராது. முதல் மூன்று நடைகளில் பலகை சொன்ன நேரத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒன்றரை மடங்கு. பலகை 2 மணி என்றால் நாங்கள் 3 மணி என்று வைத்துக்கொண்டு பஸ் பார்ப்போம். இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் பிறகு எந்தப் பாதைக்கும் திட்டம் போடலாம்.

கம்பத்தின் மேல் வெள்ளைப் பட்டையில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் இருக்கும். தாண்டிப்போகும் ஒவ்வொரு கம்பத்திலும் அதைப் படியுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். கால் பிசகி 144ஐ அழைக்கும்போது "ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்று ஜெர்மனில் விளக்குவதைவிட அந்தப் பெயரைச் சொல்வது சுலபம்.

இரண்டு கம்பத்துக்கு நடுவே மரத்திலும் சுவரிலும் மஞ்சள் சாய்சதுரம் வரைந்திருக்கும், சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரிவு தாண்டிப் பத்து நிமிடமாகியும் அதைக் காணவில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். போனில் நீலப்புள்ளியைப் பார்த்து, "பாதை அதோ தெரியுது" என்று புல்லுக்குள் இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. அது ஏன் கூடாது என்பதற்கு வருகிறேன்.

5. க்ரூயெஸெஹ் சொல்லுங்கள், முதலில் நீங்களே சொல்லுங்கள்

வந்த புதிதில் எதிரே ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நடப்பேன். தொந்தரவு செய்யக்கூடாது என்ற நினைப்பு. நாலு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா காபிக்குக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்: "எங்க மேல ஏதாவது கோபமா?" ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது.

இங்கே பாதையில் எதிர்ப்படும் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். சூரிச் பக்கம் "க்ரூயெட்ஸி", பெர்ன் பக்கம் "க்ரூயெஸெஹ்". எதிரே இரண்டு பேரோ அதற்கு மேலோ வந்தால் "க்ரூயெஸெஹ் மிதெனாங்". நாலைந்து அடி தூரத்தில் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், நிற்க வேண்டாம். காதில் மாட்டியிருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். புன்னகை மட்டும் போதாது, சத்தம் வர வேண்டும். பெர்ன் நகரத் தெருவில் இதைச் செய்தால் விநோதமாகப் பார்ப்பார்கள், அங்கே தேவையில்லை.

ஜெர்மன் வகுப்பில் மரியாதைக்கு "ஸீ" என்று கற்றுக்கொடுப்பார்கள். பெர்ன் பேச்சில் மரியாதைக்குச் சொல்வது "திர்". அது "உங்கள் எல்லோரையும்" குறிக்கும் பன்மைச் சொல், ஒருவரிடம் சொன்னால் மரியாதை. நம் "நீங்கள்" அச்சு அசலாக இதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் திணறும் இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை. "து" என்று ஒருமைக்கு மாறலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுவும் நம்மூர் மாதிரிதான்.

பேச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு குறிப்பு. இங்கே பெரிய பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு வீடு இருக்கும், அதற்கு ஸ்டொக்லி என்று பெயர். பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைத்த அப்பா அம்மா அதில் குடியேறுவார்கள். சாயங்காலம் அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரம் இருக்கும். வானிலையில் தொடங்குங்கள். சம்பளம், வாடகை, "எத்தனை பிள்ளைங்க, ஏன் இல்லை" எல்லாம் இரண்டு வருஷத்துக்கு வேண்டாம்.

6. புல், வேலி, மாடு

இந்த ஊரில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். சத்தம் போட்டால் நீங்கள் புல்லில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

சட்டப்படி காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்திலும் யாரும் போகலாம். 1912 முதல் நடப்பில் உள்ள சிவில் சட்டத்தின் 699ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஆனால் அறுவடைக்கு வளரும் புல்வெளி வேறு கதை. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை முழங்கால் உயரம் நிற்கும் அந்தப் பச்சை, மாடுகளுக்குக் குளிர்காலச் சாப்பாடு. நம்மூரில் கதிர் விட்ட நெல்வயலுக்குள் பாய் விரித்து உட்கார்வீர்களா? டூயட் பாட்டுகளில் நாயகி ஓடிய வெளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புடவை முந்தானையைப் பறக்கவிட்டுப் போட்டோ எடுக்க நேரே உள்ளே இறங்கிவிடுகிறோம். மிதித்த புல் எழுந்து நிற்காது, அறுக்கும் எந்திரத்துக்கும் சிக்காது. குளிர்பானத் தகர கேனைப் போட்டுவிட்டு வந்தால் இன்னும் மோசம். எந்திரம் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் புல்லோடு கலந்துவிடும், மாட்டின் வயிற்றைக் கிழிக்கும். நாயின் கழிவுக்கும் இதே காரணம்தான், பாதையோரப் பச்சைப் பெட்டியில் பை இருக்கும். போட்டோ வேண்டுமென்றால் புல் அறுத்த மறுநாள் பாதையோரமாக நின்று எடுங்கள்.

பாதை சில இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகும். குறுக்கே மின்வேலி, அதில் பிளாஸ்டிக் கைப்பிடியோடு ஒரு கொக்கி. கைப்பிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, எல்லோரும் தாண்டியதும் திரும்ப மாட்டுங்கள். பின்னால் வருபவர் மாட்டுவார் என்று விட்டுப் போகாதீர்கள். அவர் வருவதற்குள் மாடு ரோட்டுக்கு வந்துவிடும்.

இப்போது மாடு. பெரியப்பா சென்னையிலிருந்து வந்திருந்தார். பாதையை ஒட்டி ஒரு கன்று படுத்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டியபடி போனார். முப்பது அடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த தாய் தலையைத் தூக்கியது. அப்புறம் தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஊதிக்கொண்டே நேராக வந்தது. நான் அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தபடி, மாட்டுக்கு முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி வேலிக்கு இப்பால் கொண்டுவந்தேன். செருப்பு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. "கும்பிடத்தானேம்மா போனேன்" என்றார்.

பால் கறக்கும் மாடுகள் ஆளுக்குப் பழகியவை, அவற்றோடு கன்று இருக்காது. கன்றோடு மேயும் தாய்மாடுகளை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அவை கன்றைக் காக்கும், முட்டும். வேலியில் "முட்டர்கூயெ" (தாய்மாடுகள்) என்ற எச்சரிக்கைப் பலகை இருந்தாலோ, கன்றைப் பார்த்தாலோ, குறைந்தது 20 மீட்டர் தள்ளிப் போங்கள். முடிந்தால் 50. பாதை மாடுகளுக்கு நடுவே போகிறது என்றால் சுற்றிப் போங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கம்பை வீசக்கூடாது. நாயைக் கூட்டிப்போகிறவர்கள் கயிற்றில் வைத்திருக்க வேண்டும். மாடு பாய்ந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்குக் கோபம் நாய் மேல்தான், நாய் ஓடித் தப்பிவிடும்.

எம்மெ ஆற்றின் கரையில் கூழாங்கல் திட்டுகளில் உட்கார்ந்து சாப்பிட ஆசை வரும், உட்காரலாம். ஆனால் மலைப் பக்கம் கறுத்திருந்தால் வேண்டாம். மேலே இடிமழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி வந்துவிடும். இந்த ஆற்றுக்கு அது பழக்கம்.

7. துப்பாக்கிச் சத்தம், மரம் வெட்டும் பலகை

சனிக்கிழமை காலையில் குன்றுக்குப் பின்னால் படபடவென்று சுடும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். ஊர்களில் 300 மீட்டர் சுடுதளம் இருக்கும், ராணுவக் கடமை உள்ளவர்கள் வருடாந்திரச் சுடுதலை அங்கே முடிப்பார்கள். சிவப்பு வெள்ளை காற்றுப்பை ஏற்றியிருந்தால் சுடுதல் நடக்கிறது, அந்தப் பக்கப் பாதைக்குப் போகாதீர்கள். போருக்குத் தப்பி வந்த ஈழத்துக் குடும்பங்கள் விருந்துக்கு வரும் சனிக்கிழமைகளில் நான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்ட ஒரு தடவை ஒரு பாட்டி கையில் இருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காட்டுக்குள் "ஹோல்ட்ஸ்ஷ்லாக்" என்று தடுப்பு வைத்திருந்தால் மரம் வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லை என்றாலும் உள்ளே போகாதீர்கள், பாதி வெட்டிய மரம் இன்னொன்றின் மேல் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். "ப்ரிவாட்" என்ற பலகையை அப்படியே மதிக்க வேண்டும். "ஃபார்ஃபெர்போட்" என்பது வண்டிக்குத்தான், நடப்பவருக்கு இல்லை.

8. பண்ணைக்கடை

வட்டத்தில் எங்காவது "ஹோஃப்லாடென்" என்று பலகை இருக்கும். கொட்டகையில் முட்டை, உருளை, ஆப்பிள், சனிக்கிழமையானால் ட்ஸோப்ஃப் என்ற பின்னல் ரொட்டி. கடைக்காரர் இருக்க மாட்டார், ஒரு தகரப் பெட்டி இருக்கும். விலையைக் கூட்டிப் பணத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி சில்லறை தராது, ஆகவே 1, 2, 5 பிராங்க் காசுகளை நடைப்பையிலேயே வைத்திருங்கள். ட்விண்ட் என்ற பணம் கட்டும் செயலிக்கான கியூஆர் கட்டம் ஒட்டியிருந்தால் அதிலும் கட்டலாம். "இரண்டு ஐம்பது குறையுது, அப்புறம் போட்டுக்கலாம்" என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஊர் சின்னது, அந்த வாரம் வந்த புது முகம் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

பால் எந்திரம் இருந்தால் பாட்டில் கொண்டு போங்கள். அது கறந்த பால், குடிக்கும் முன் 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஐரோப்பியப் புதுவரவுகள் இந்த வரியைத் தவறவிட்டு அப்படியே குடித்துவிடுவார்கள். பொங்கக் காய்ச்சாமல் பாலைத் தொடாதவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆடை படியும், உறை ஊற்றினால் தயிர் கட்டியாக நிற்கும், ஃபில்டர் காபி ஊர்க் காபி மாதிரியே இருக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் பெர்னுக்குத்தான் போக வேண்டும்.

9. பஸ்ஸில் போய் நடந்து திரும்புங்கள்

வட்டம் பழகிய பிறகு நீள நடை. இங்கே வரிசையைத் தலைகீழாக்குவதுதான் சூட்சுமம். புதிதாக வருபவர்கள் வீட்டிலிருந்து நடந்து போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பத் திட்டமிடுவார்கள். கிராமத்து பஸ் மணிக்கு ஒன்று, சில தடத்தில் அதுவும் இல்லை, கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும். அதைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். முதலில் பஸ்ஸில் ஏறி மேட்டில் இறங்கி, வீட்டை நோக்கி நடந்து வந்தால் எப்போது வந்து சேர்ந்தாலும் கவலையில்லை. பெரும்பாலும் இறக்கமும்கூட.

பஸ் நிறுத்தத்தில் வண்டி தெரியும்படி நில்லுங்கள், நிழற்குடைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓட்டுநர் போய்விடக்கூடும். இறங்க முன்கூட்டியே பொத்தானை அழுத்துங்கள். அடிக்கடி போவதாக இருந்தால் பாதிக் கட்டண அட்டையான ஹால்ப்டாக்ஸ் கட்டாயம். நடைபாதை இல்லாத ரோட்டில் இடது ஓரமாக நடங்கள். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், இடது ஓரத்தில் நடந்தால் எதிரே வருவது தெரியும். ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம்தான் திரும்பும்.

ஒரு வருஷம் இப்படி நடந்தவர்கள் லூடெரென்ஆல்ப்பிலிருந்து நாப்ஃப் வரை முகட்டுப் பாதையை யோசிக்கலாம். நாப்ஃப் சுமார் 1,400 மீட்டர் உயர மலை. அதற்கு முன் வேண்டாம்.

10. ஞாயிறு, குப்பை, சலவை

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ரயில் நிலையக் கடைகள்தான் கதி. துளைபோடுதல், புல் வெட்டுதல், கண்ணாடி பாட்டில் போடுதல் எதுவும் கூடாது. இரவு 10க்கு மேலும் அப்படித்தான், பல ஊர்களில் மதியமும். ஆகவே ஞாயிறு நடைக்குத்தான்.

குப்பைக்குக் கட்டணப் பை வாங்க வேண்டும், அது சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் கேட்டால் கிடைக்கும். சாதாரணப் பையில் போட்டால் அப்படியே கிடக்கும். காகிதத்தையும் அட்டையையும் தனித்தனியாகத் தட்டையாக அடுக்கி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, குப்பை நாள்காட்டியில் குறித்த நாள் காலையில் வைக்க வேண்டும். நான் முதல் தடவை துணிக்கடைப் பையில் திணித்து வைத்தேன். சாயங்காலம் நடை முடிந்து வந்தால் வாசலில் அதே பை, மேலே ஒரு ஒட்டுத்தாள்.

அடுக்குமாடியில் சலவை எந்திரம் அடித்தளத்தில் பொதுவாக இருக்கும், முறை அட்டவணையில் உங்கள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். துணி காயப்போடும் முன் காற்றை முகர்ந்து பாருங்கள். விவசாயிகள் மழைக்கு முன் சாணிக்கரைசலை வயலில் தெளிப்பார்கள். பெர்ன் பேச்சில் அதற்கு "ப்ஷூட்டி". அன்று போர்வையை வெளியே போட்டால் திரும்பத் துவைக்க வேண்டும்.

11. நவம்பருக்குப் பிறகு

பிப்ரவரியில் முதல் புதன்கிழமை மதியம் 1:30க்கு நாடு முழுக்க எச்சரிக்கைச் சங்கு (சைரன்) ஒலிக்கும், சோதனைதான். வீட்டில் தனியாக இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. கையிலோ பையிலோ ஒளிரும் பட்டை கட்டுங்கள். பண்ணைச் சாலைகளில் பனிக்கட்டி படிந்தால் ஷூவுக்கு மேல் மாட்டும் முள்ரப்பர் வேண்டும். அதை வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், வழுக்கிய பிறகு பையில் தேடாதீர்கள்.

நவம்பர், டிசம்பரில் பள்ளத்தாக்கை மூடுபனி வாரக்கணக்கில் மூடிக்கொள்ளும். திரையைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறம், மனசும் அப்படியே ஆகிவிடும். முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் ஊர் மாறலாமா என்று யோசிப்பது இப்போதுதான். இந்தப் பனிக்கு ஒரு உயரம் உண்டு, பல நாட்களில் 800லிருந்து 1,000 மீட்டருக்குள் முடிந்துவிடும். மேட்டீயோஸ்விஸ் என்ற வானிலைச் செயலியில் பனியின் மேல்மட்டம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். உங்களுக்கு அருகிலுள்ள எக்கின் உயரம் அதைவிட அதிகமா என்று வரைபடத்தில் பாருங்கள். ஒரு வெப்கேமராவையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். கைக்குட்டையில் இட்லியைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி மேலே இறங்கினால் வெயில். காலடியில் பனி பால் மாதிரி பரந்து கிடக்கும், தெற்கே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற பனிச்சிகரங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். ரயிலுக்குக் காசு கொடுத்துப் பார்க்கப் போனீர்களே, அதேதான். இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். பனிக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிரும், ஜாக்கெட்டை அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.